குரல் இல்லாத வேர்

என் மகள் கோமுவுக்கு எதை எதை யார் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வரிகள். வேறு எந்தத் தாயிடமும் இப்படி ஒன்று இருக்காது; இருக்கவும் வேண்டாம், அது என் கைக்கு வந்த வழி அப்படி. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் படிக்கிறேன். படித்து முடித்ததும் யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும் போல இருக்கும். உடனே கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஒருவருக்கு மட்டும் உடனே சொல்ல முடியவில்லை. பதினைந்து நாள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

என் பெயர் சங்கரவடிவு. பாளையங்கோட்டையில் ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி எங்களுடையது. ஒரு காலத்தில் அந்த இடத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பதினாறு வீடுகள் கொண்ட வளவு இருந்ததாம். அது இடிந்து, மாடிகள் எழும்பி, லிஃப்ட் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த பிறகும் ஊர்க்காரர்களுக்கு அது வளவுதான். வளவுச் சங்கத்தின் செயலாளர் நான். விதி எழுதுவதில் எனக்கு ஓர் ஆனந்தம் உண்டு, மறைக்கவில்லை. செருப்பை எங்கே விடுவது என்பதற்கு மட்டும் பதினொரு விதி எழுதியிருக்கிறேன்.

கோமுவுக்கு நாலரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பத்து நாள் யமனோடு இழுபறி. பிழைத்துக்கொண்டாள். ஆனால் தலைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் அளவு இடம் பட்டுப்போய்விட்டது. இப்போதுதான் அதற்கு வைத்தியம் இருக்கிறதே. பிள்ளையின் தோலிலிருந்து ஒரு துளி எடுத்து, அதையே மூளைத் திசுவாக வளர்த்து, பட்டுப்போன இடத்தில் நட்டுவிடுகிறார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாரும் ‘நாற்று’ என்றுதான் சொன்னார்கள்.

டாக்டர் அமலோற்பவம் தூத்துக்குடிக்காரர். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவார்.

“நாத்து நல்லாப் புடிச்சிருக்கும்மா. ஆனா அது வெறும் நாத்து. பழைய எடத்துல இருந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. தொண்ணூறு நாள் வரைக்கும் குடுக்கிறத வாங்கிக்கிடும். அதுக்கப்பறம் இறுகிரும்.”

“தொண்ணூறு நாள் தாராளம் டாக்டர்,” என்றேன். “எங்க வீட்ல சுவர் வாத்தியார் இருக்கு. ஒன்றர வயசுல இருந்து அவ படிச்ச பாடம் பூராவும் அதுல அப்படியே கெடக்கு. மொதல்ல இருந்து ஓட்டிரலாம்.”

சுவர் வாத்தியார் என்பது எங்கள் கூடத்துச் சுவரில் பதித்திருக்கும் பாடப் பெட்டி. பாட்டு, படம், கேள்வி, பாராட்டு எல்லாம் அதுவே செய்யும். தினமும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை கோமு அதன் முன்னால் உட்கார வேண்டும் என்பது என் வீட்டு விதிகளில் முதலாவது. கோமுவின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அதன் உபயம் என்று நான் வளவு பூராவும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

டாக்டர் லேசாகச் சிரித்தார். “ஓட்டிப் பாருங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க.”

ஒரு வாரம் ஓட்டினோம். கோமு சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டர் அவள் தலையில் கம்பிகள் பின்னிய குல்லா ஒன்றை மாட்டினார்.

“நாத்தச் சுத்தி பழைய மூள இருக்குல்லா, அதுல பழைய வேரெல்லாம் அறுந்து தொங்கிட்டு நிக்கி. ஒரு விஷயத்த பிள்ள மொதமொத எப்படிக் கத்துக்கிட்டாளோ, அதே வாசம், அதே சத்தம், அதே மாதிரி கையும் காலும் இருந்தாத்தான் அந்த வேரு உசுரு வந்து நாத்துக்குள்ள போவும். வேற மாதிரி சொல்லிக்குடுத்தா போவாது. இந்தக் குல்லா ஒவ்வொரு வேரும் எங்கன இருந்து வந்துதுன்னு தோராயமாச் சொல்லும். அது என்னன்னு கண்டுபிடிச்சுத் திரும்ப நடத்திக் காட்டுறது உங்க பாடு.”

அப்படி வந்ததுதான் பட்டியல். அதில் சுவர் வாத்தியாரின் குரல் இருந்த வேர்கள் பத்தொன்பது.

பத்தொன்பது! நான் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கி, ஊதா நிறம், முக்கோணம், இப்படிச் சில. அதற்கும் நன்றி, இல்லையென்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது?

மூன்று வரை எண்ணுவதற்கு நேராக இப்படி இருந்தது: ‘பருப்பு வாசனை. ஆவிச் சத்தம். வேறு அறையிலிருந்து பெண் குரல். தண்ணீர் விழும் சத்தம்.’ எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். நான் குளிக்கப் போகும்போது அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுப் போவேன். உள்ளேயிருந்து, “ஏட்டி கோமு, எத்தன விசில் வந்திச்சு?” என்று கத்துவேன். அவள் வெளியிலிருந்து சொல்லுவாள். என் மகளுக்கு எண் வந்தது அந்த வழியில்தான். நான் கற்றுக்கொடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை பருப்பு வெந்தது. நான் நாலு தடவை குளித்தேன். சளி பிடித்துத் தும்மிக்கொண்டே கத்தினேன். ஐந்தாம் நாள் கதவுக்கு வெளியிலிருந்து, “மூணு!” என்று ஒரு குரல் வந்தது. ஈரத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் பிரமநாயகத்தின் பாடு இதைவிட மோசம். பேருந்துப் பணிமனையில் வேலை. சாயங்காலம் வரும்போது வாழைப்பழம் வாங்கி வருவார். ஒரு பழத்தை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டைத் தான் எடுத்துக்கொண்டு, “இந்தா, ஒனக்குப் பாதி,” என்று சின்னதை நீட்டுவார். அவள் “இது பாதி இல்ல!” என்று மேலே விழுந்து பிடுங்குவாள். ‘பாதி’ என்ற வேர் அங்கேதான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையை ஏமாற்ற அவருக்கு மனசு வருமா? பெரிய துண்டையே கொடுத்துக்கொண்டிருந்தார். வேர் அசையவில்லை.

“சார், நீங்க ஏமாத்தித்தான் ஆவணும்,” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனிதர் கண்ணில் தண்ணீரோடு ஏமாற்றினார். எட்டாம் நாள் கோமு அவர் கையைக் கடித்துவிட்டு, “இது பாதி இல்ல!” என்றாள். பல் தடம் பதிந்த கையை அவர் லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் காட்டினார்.

வளவில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஐந்தாவது மாடி எஸ்தர் டீச்சர் வீட்டு மீன்தொட்டி, ஏழாவது மாடி மீரான் அண்ணன் வீட்டுக் கேரம் பலகை, லிஃப்டின் பொத்தான்கள், மாவு அரைக்கும் சத்தம், ஒளிந்து விளையாடிய படிக்கட்டு. எல்லாருக்கும் முறை வைத்து நேர அட்டவணை போட்டேன். அது நான் போட்டதிலேயே நல்ல அட்டவணை. யாரும் ஒரு நாள் பிந்தவில்லை. மீரான் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து, கேரம் காயை வேண்டுமென்றே குழியில் போடாமல் நாள் முழுக்கத் தோற்றார்.

அறுபதாம் நாளுக்குள் இருநூற்றுப் பதின்மூன்று வேர்கள் உள்ளே போய்விட்டன. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றுதான் எங்களைக் கொன்றது. அது ‘முன், பின்’. எது முதலில், எது அப்புறம் என்கிற அறிவு. அது சின்ன விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன். அது இல்லாத பிள்ளையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கோமு ஷூவை மாட்டிவிட்டு அதன் மேல் சாக்ஸைப் போடப் பார்ப்பாள். “நாய் ஓடிச்சு. நான் அழுதேன். கல்லு,” என்பாள், எது எதனால் என்று அவளுக்கே தெரியாது. சாப்பிட்டாயா என்றால் முழிப்பாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளால் காத்திருக்க முடியவில்லை. ‘அப்புறம்’ இல்லாத பிள்ளைக்குக் காத்திருப்பது எப்படி முடியும்? நான் குப்பைக் கூடையை வைக்க வாசலுக்குப் போனால்கூட, திரும்ப வருவேன் என்பது அவளுக்குத் தெரியாது. நான் போனால் போனதுதான். ஒவ்வொரு முறையும் தாயை இழந்த அழுகை அழுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த அழுகையைக் கேட்டேன்.

“இது உள்ள போகலேன்னா என்ன டாக்டர் ஆகும்?” என்று பிரமநாயகம் கேட்டார்.

“மத்த எல்லாம் இதுலதான் கோத்து நிக்கணும் சார். இல்லேன்னா ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கெடக்கும். பள்ளிக்கூடம், படிப்பு எல்லாம் அப்பறம். தனியா ஒரு நாளக் கழிக்கிறதே அவளுக்குச் செரமம்.”

குல்லா சொன்னது இவ்வளவுதான்: ‘நின்ற நிலை. குதிகால் எம்பியிருக்கிறது. இரு கைகளும் தலைக்கு மேலே. எதிர்ப்புறமிருந்து இழுவை. வெயில். சோப்பு வாசனை. கண் நிறைய வெள்ளை. மனிதக் குரல் இல்லை.’

அந்தக் கடைசி வார்த்தைகளை டாக்டர் இரண்டு முறை படித்தார். “எனக்கும் இது புதுசுதாம்மா. ஒங்க சுவர் வாத்தியாருக்கே குரல் இருக்கு. நாலு வயசுப் பிள்ளைக்கு வாயத் தொறக்காம ஒருத்தர் சொல்லிக்குடுத்திருக்காங்க. வாய் பேச முடியாதவங்க யாரும் பக்கத்துல இருக்காங்களா?”

“இல்ல டாக்டர்.”

“நல்லா யோசிங்க. இன்னொண்ணு, தப்பான குரல் சேந்துட்டா இந்த வேரு சுருங்கிக்கிடும். பாத்து நடந்துக்கிடுங்க.”

பட்டம் விட்டுப் பார்த்தோம். ஊஞ்சல் கட்டினோம். குளிக்கிற இடத்தில் வெள்ளைத் துண்டைக் கையில் கொடுத்து இழுத்தோம். வாயைத் திறக்காமல் நானும் பிரமநாயகமும் பைத்தியங்கள் மாதிரி சைகை காட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. சோப்பும் வெயிலும் என்றால் மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடமாக இருக்கலாம் என்று அவர் ஒரு தடவை சொன்னார். நான்தான் தட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் துணி இயந்திரத்திலேயே காய்ந்துவிடும். கோமு மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போகக் கூடாது என்று சொன்னவளே நான்.

அது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது மாடியில் ஆவுடையக்கா இருக்கிறார். நாற்பது வயதிருக்கும், தனியாள். ஒரு பெண்கள் விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது அவர் தொழில். விடுதிப் பெண்களுக்கு வெயில் வாசம் உள்ள விரிப்புதான் வேண்டுமாம். அதனால் மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுவார். அந்த விரிப்புகளின் நிழல் மூன்று மணிக்கு மேல், அங்கேயே இருக்கும் எங்கள் வீட்டுச் சூரியத் தகட்டில் விழுந்தது. அதில் ஓடும் சுவர் வாத்தியார் பாட்டு நடுவிலேயே திக்கி நின்றது. காய்ச்சல் வருவதற்கு ஏழு மாதம் முன்பு ஒரு நாள் விறுவிறுவென்று மேலே போனேன். கோமு அங்கே நின்று அவரிடம் ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன்.

“எம்பிள்ள படிப்பையும் கெடுத்து, பிள்ளையையும் கெடுக்கியளா? இனிமே எம்பிள்ளகிட்ட நீங்க ஒரு வார்த்த பேசப்பிடாது. ஒரு வார்த்த!”

மறுநாள் கொடியை அவரே தகட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சில்லை என்றால் அது ஒரு முழு ஏற்பாடு. லிஃப்டில் ஒன்றாகப் போவோம். அவர் கதவைப் பார்ப்பார், நான் மாடி எண்ணைப் பார்ப்பேன். சங்கத்துக் காகிதத்தை எஸ்தர் டீச்சர் மூலம் கொடுத்து விடுவேன். யாரும் அதை விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். அப்படியே இருபது வருஷம் இருக்கிறவர்கள் உண்டு.

எழுபத்திரண்டாம் நாள் பிரமநாயகம் சுவர் வாத்தியாரின் பழைய பதிவுகளைக் குடைந்துகொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

“வடிவு, இங்க பாரு. தெனமும் நாலு மணியில இருந்து நாலரை வரைக்கும் கவனம் நூத்துக்கு நூறு.”

“ஆமா, அதத்தான நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்.”

“கண் சிமிட்டினது எத்தன தடவன்னு போட்டிருக்கு பாரு.”

பார்த்தேன். பூஜ்யம். அரை மணி நேரம், ஒரு தடவைகூட இல்லை. அடுத்த நாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாளும்.

அவர் எழுந்து போய் மூலையில் கிடந்த கோமுவின் பஞ்சு முயலைத் தூக்கி வந்து, சுவர் வாத்தியாரின் முன்னால் அவள் நாற்காலியில் உட்கார வைத்தார். பெட்டி உடனே விழித்துக்கொண்டது. “வணக்கம் கோமு! நல்ல பிள்ளை!” என்றது. முயலின் இரண்டு பொத்தான் கண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் உள்ளறையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருக்க, ஆறு மாதமாக எங்கள் வீட்டில் முயல் பாடம் படித்திருக்கிறது. இன்னொரு சமயமாக இருந்தால் முதுகில் ரெண்டு போட்டிருப்பேன். இப்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அப்ப அவ எங்கன போனா?” என்றார் அவர்.

மறுநாள் நாலு மணிக்கு, ஏழு மாதமும் ஆஸ்பத்திரி நாட்களும் கழித்து, நான் மொட்டை மாடிப் படி ஏறினேன். கதவோரமாகவே நின்றுவிட்டேன். ஆவுடையக்கா தனியாக ஒரு பெரிய வெள்ளை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிப்பது லேசில்லை. எதிர்ப்பக்க முனைகளைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டியிருந்த இரண்டு கவ்விகளில் மாட்டியிருந்தார். நடந்து வந்து கவ்வியில் இருந்ததை எடுத்து, சேர்த்து, மறுபடி பின்னால் போனார். எனக்கு அந்தக் கவ்விகள்தான் கண்ணில் பட்டன. பெரிய ஆளின் கைக்கு அவை ரொம்பத் தணிவு. நாலரை வயதுப் பிள்ளை குதிகாலை எம்பி, கையைத் தூக்கி நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் இருந்தன.

“ஆவுடையக்கா,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். விரிப்பை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, கையைத் துடைத்தார்.

“என்ன செயலாளரம்மா, சங்கத்துல புது ரூல் எதும் போட்டிருக்கியளா?”

“கோமு இங்கன வருவாளாக்கா?”

அவர் முகம் மாறியது. ஓரடி பின்னால் போனார். “நான் ஒரு வார்த்த பேசலம்மா. சத்தியமாச் சொல்லுதேன். நீங்க சொன்ன நாள்ல இருந்து அவகிட்ட நான் வாயத் தொறக்கல. அவளா வருவா. வந்து எதுக்க நின்னு அந்த மூலையப் புடிப்பா. போன்னு சொல்லணும்னாலும் பேசணும்லா? நான் எப்படிச் சொல்ல? தலையத்தான் ஆட்டுனேன். உதறுன்னா இப்படி. நடன்னா இப்படி. குடுன்னா இப்படி. அவ புரிஞ்சிக்கிட்டா. தெனமும் பன்னெண்டு விரிப்பு மடிச்சோம். ஒரு வார்த்த பேசல. நீங்க தப்பா நெனச்சிராதீங்க.”

நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்: நாற்று, வேர், குல்லா, குரல் இல்லாத அந்தக் கடைசி வரி. சொல்லச் சொல்ல அவர் கண் நிறைந்துகொண்டே வந்தது.

“பிள்ளைக்கு முடியலன்னு தெரியும். பேச்சில்லாத வீட்டுக்கு எப்படி வர? தெனமும் லிஃப்ட்ல உங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்துத்தான் பிள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சிக்கிடுவேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கே கூட்டிட்டு வாங்க. கவ்விய அவுத்திருதேன்.”

“அக்கா, நான் அன்னைக்கு—”

“அதெல்லாம் கெடக்கட்டும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

அன்று மாலை டாக்டரிடம் சொன்னோம். அவர் குல்லா சொன்ன வரிகளை எடுத்து மறுபடி படித்தார். பிறகு சொன்னார்: “அப்படியே நடக்கணும். அவங்களும் பேசப்பிடாது, நீங்களும் பேசப்பிடாது. மேல போனா ஒரு சத்தம் வரப்பிடாது. உங்க நன்றியெல்லாம் பத்திரமா வச்சிருங்கம்மா, நான் சொல்லும்போது குடுக்கலாம்.”

எழுபத்து நாலாம் நாள் தொடங்கினோம். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கோமுவுக்கு என்னை விட்டு நடக்கவே தெரியவில்லை. நான் மறைந்ததும் உதடு பிதுங்கியது. ஆவுடையக்கா ஒரு விரிப்பைக் கொடியிலிருந்து இழுத்தார். வெள்ளை அவள் முன்னால் விரிந்தது. அழுகை நின்றது. ஆவுடையக்கா இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள், உடனே கீழே போட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். மறுபடி போட்டாள். பன்னிரண்டு விரிப்பும் அன்று அழுக்காகின. அவற்றையெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஒரு முகச் சுளிப்புக்கூடக் காட்டவில்லை.

மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாம் நாள் எம்பி நின்று கையைத் தூக்கினாள். ஆவுடையக்கா தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டுவார், அது உதறு. கண்ணால் கூப்பிடுவார், அது நட. இரண்டு பேரும் நடுவில் சந்திக்கும்போது முகவாயை நீட்டுவார், அது கொடு. எட்டாம் நாள் கோமு உதறாமலேயே நடந்து வந்துவிட்டாள். ஆவுடையக்கா வாங்கிக்கொள்ளவில்லை. புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். கோமு யோசித்தாள். திரும்பப் போனாள். உதறினாள். பிறகு வந்தாள். நான் தொட்டிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன்.

வாழ்க்கையில் முதன்முறையாக விதி எழுதாமல், அறிவுரை சொல்லாமல், ஒரு மூலையில் நின்று என் பிள்ளை கற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சந்தோஷம் அது! என் ஆத்திரத்தில் நான் போட்ட ஒரு கட்டளையை அவர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். காப்பாற்றிக்கொண்டே என் பிள்ளைக்கு இத்தனை பெரிய ஒன்றைக் கொடுத்திருக்கிறார். தினமும் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு அவர் என்னைக் கடந்து போவார். நான் வாயைத் திறக்கப் போவேன். அவர் விரலை உதட்டில் வைத்துவிட்டுப் படியிறங்குவார்.

எண்பத்தெட்டாம் நாள் டாக்டர் குல்லாவைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“வேரு உள்ள போயிருக்கிற மாதிரிதான் தெரியுது. ஆனா குல்லா சொல்லுறது தோராயந்தான். பிள்ளைதான் காட்டணும். நாளைக்கு நீங்க பேசலாம். வேரு உண்மையிலேயே புடிச்சிருந்தா இனி குரல் சேந்தா ஒண்ணும் ஆவாது. புடிக்கலேன்னா...” மேஜைக் காலண்டரைப் பார்த்தார். நாட்கள் இரண்டுதான் மிச்சம்.

எண்பத்தொன்பதாம் நாள் நாலு மணிக்கு நான் தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. வெயிலில் அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பிரமநாயகமும் வேலையிலிருந்து பாதியில் வந்து, கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோமு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். விரிப்பின் இரண்டு முனைகளில் ஒன்றை என் கையில் திணித்தாள், ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள். எதிரே ஆவுடையக்கா மற்ற இரண்டு முனைகளோடு நின்றார். அவர் கண் சிவந்திருந்தது. பதினைந்து நாளாகச் சேர்த்து வைத்தது எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது.

“ஆவுடையக்கா,” என்று ஆரம்பித்தேன். “உங்களுக்கு நான் எப்படி—”

“அம்மா!”

கோமு என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் விரிப்பு, மறு கை இடுப்பில். செருப்புக்குப் பதினொரு விதி எழுதியவளின் மகள்தான், சந்தேகமே இல்லை.

“மொதல்ல ஒதறணும். அப்பறம் நடக்கணும். அப்பறமாத்தான் பேசணும்.”

கதவோரத்தில் பிரமநாயகம் முகத்தை மூடிக்கொண்டார். ஆவுடையக்கா தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினார்.

நான் உதறினேன்.